பழைய மெயில், காலண்டர், ஃப்ளாப்பி: என் கூட்டாளி கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்

நானும் என் கூட்டாளியும் ஸ்கூல்ல ஒண்ணா படிச்சவங்க, ரெண்டு பேருக்கும் இப்ப அம்பது தாண்டியாச்சு. நான் மலேசியாவுல, பினாங்குல முப்பது வருஷமா கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குறேன், அவன் பட்டர்வொர்த் பக்கம் ஒரு சின்ன கோயில்ல கமிட்டி செயலாளர். அவங்க அப்பா தோட்டத்துல கிராணியா, அதாவது ஆபீஸ் கிளார்க்கா இருந்து ரிட்டையர் ஆனவர், தவறி பல வருஷம் ஆச்சு. போன வருஷம் அந்த வீட்டைக் காலி பண்ணும்போது பழைய கம்ப்யூட்டர் ஒண்ணும் ஒரு பிஸ்கட் டின் நிறைய ஃப்ளாப்பியும் கிடைச்சது, தூக்கிக்கிட்டு நேரா என் கடைக்கு வந்துட்டான். அதுல இருந்து வெள்ளிக்கிழமை ராத்திரி மாமாக் சாப்பாட்டுக் கடையில உக்காந்தா இதே பேச்சுதான். அவன் கேட்டதையேதான் கடைக்கு வர்றவங்களும் கேக்குறாங்க, அதனால எழுதி வைக்கிறேன். அவன்கிட்ட சொன்ன மாதிரியே எழுதியிருக்கேன், நடுவுல "டா" வரும், தப்பா எடுத்துக்காதீங்க.

கேள்வி: கம்ப்யூட்டர் ஆன் ஆகுதுடா, ஆனா தேதி 2002-ன்னு காட்டுது, மெயில் திறந்தா எரர் வருது. மெஷின் போச்சா?

மெஷின் போகல, உள்ள இருக்குற பேட்டரிதான் போச்சு. மதர்போர்டுல அம்பது சென் காசு மாதிரி வட்டமா ஒண்ணு இருக்கும், சிஆர் 2032, 3 வோல்ட். கரண்டு இல்லாதப்பவும் கடிகாரத்தை ஓட வைக்கிறது அதுதான். அது செத்தா கம்ப்யூட்டர் தான் பொறந்த காலத்துக்கே திரும்பிப் போயிடும். தேதி தப்பா இருந்தா மெயில் சர்வர், அதாவது மெயில் கம்பெனியோட கம்ப்யூட்டர், தான் யார்னு காட்ட குடுக்குற பாதுகாப்பு சான்றிதழை சரி பார்க்க முடியாது, 2002-ல நின்னுக்கிட்டு பார்த்தா இன்னைக்கு சர்வர் குடுக்குற சான்றிதழ் எல்லாம் "இன்னும் ஆரம்பிக்கவே இல்ல"ன்னுதான் தெரியும்.

ஆனா பேட்டரி மாத்தினாலும் அதுல இருக்குற பழைய மெயில் சாஃப்ட்வேர் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் இன்னைக்கு சர்வரோட பேசாது. டிஎல்எஸ்னு சொல்ற பூட்டோட பழைய 1.0, 1.1 வகையை 2021-லயே முறைப்படி ஒதுக்கியாச்சு, அந்த மெஷின்ல ஓடுற விண்டோஸ் எக்ஸ்பிக்கு புது வகை தெரியாது. அதனால நான் அவன்கிட்ட முதல்ல சொன்னதே, இதை நெட்டுல மாட்டாத, சும்மா சும்மா ஆன் பண்ணியும் பார்க்காத, ஹார்ட்டிஸ்கை கழட்டுவோம்னுதான். இருபது வருஷம் தூங்கின டிஸ்க் இன்னும் எத்தனை தடவை சுத்தும்னு யாருக்கும் தெரியாது, சுத்துற அந்த ஒரு தடவையில முழுசா காப்பி எடுத்துடணும். பழைய டிஸ்க்கை யுஎஸ்பியில மாட்டுறதுக்கு அடாப்டர் இருக்கு, விலையும் பெருசா இல்ல.

கேள்வி: மெயில்தானே, பாஸ்வேர்டு கண்டுபிடிச்சா நெட்டுல இருந்தே எடுத்துக்கலாமே?

அந்த மெயில் நெட்டுல இல்லவே இல்லடா. நம்ம நாட்டுல மைமோஸ்னு அரசு ஆராய்ச்சி நிறுவனம் 1992-ல ஜாரிங்னு இன்டர்நெட் சேவை ஆரம்பிச்சது, டிஎம்நெட்னு இன்னொரு சேவை 1996-ல வந்தது. அப்ப எல்லாம் போன் லைன்ல மோடம் போட்டு டயல் பண்ணணும், நிமிஷத்துக்கு நிமிஷம் காசு. அதனால பாப்னு ஒரு முறை: டயல் பண்ணு, மெயிலை கம்ப்யூட்டருக்கு இறக்கு, லைனை வெட்டு, அப்புறம் நிம்மதியா உக்காந்து படி. இறக்கினதும் சர்வர்ல இருந்து அழிஞ்சிடும், "ஒரு காப்பி சர்வர்லயும் விடு"ன்னு நீயா டிக் பண்ணினாதான் நிக்கும். ஐமேப்னு இன்னொண்ணு 1986-லயே மார்க் கிரிஸ்பின் பண்ணிட்டார், அதுல மெயில் சர்வர்லயே இருக்கும், ஆனா டயல்-அப் வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. இன்னைக்கு போன்ல, லேப்டாப்ல, எங்க திறந்தாலும் ஒரே மெயில் தெரியுதே, அது ஐமேப் மாதிரி முறையாலதான்.

பாப்ல நீ அனுப்பின மெயிலும் உன் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கும். இது இவனுக்கு எவ்வளவு முக்கியம்னு கேளுங்க. 2000-ல இருந்து 2003 வரைக்கும் இவன் சிங்கப்பூர்ல வேலை பார்த்தான், அப்பா இவனுக்கு மெயில் எழுதுவார். இவன் பக்கம் இருந்தது ஒரு இலவச கணக்கு, ரொம்ப நாள் திறக்கலைன்னு கணக்கு குடுத்த கம்பெனியே மொத்தமா அழிச்சிட்டாங்க. அப்ப உலகத்துல மிச்சம் இருக்குற ஒரே காப்பி இந்த ஹார்ட்டிஸ்க்ல அப்பாவோட "சென்ட் ஐட்டம்ஸ்" மட்டும்தான்.

கேள்வி: டிபிஎக்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கு, டபுள் கிளிக் பண்ணா ஒண்ணும் ஆகல?

அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு ஃபோல்டரையும் ஒரு டிபிஎக்ஸ் ஃபைலா கட்டி வைக்கும். அது அந்த சாஃப்ட்வேருக்கு மட்டும் புரியுற கட்டு. பிரிச்சு ஒவ்வொரு மெயிலையும் தனித்தனி ஈஎம்எல் ஃபைலா தர்ற இலவச கருவிகள் இருக்கு. ஈஎம்எல்னா வெறும் எழுத்து, நோட்பேட்ல கூட திறக்கும். எப்பவும் காப்பியில வேலை பாரு, அசலைத் தொடாத.

கேள்வி: திறந்துட்டேன்டா, ஆனா ஒரு எழுத்து கூட தமிழ் இல்ல. ஃபைல் கெட்டுப் போச்சா?

இந்த ஒரு கேள்விக்கு நாங்க மூணு வாரம் உக்காந்தோம்.

ஃபைல் கெடல. அப்பா தமிழ் அடிச்சது முரசு அஞ்சல்ல, நம்ம மலேசியாக்காரர் முத்து நெடுமாறன் பண்ணினது. ஆங்கில கீபோர்டுலயே உச்சரிப்பு படி அடிச்சா தமிழ் வரும், அறுபது வயசுல அப்பா அதை நாலு நாள்ல பழகினாராம். அந்த காலத்துல பல பேர் கம்ப்யூட்டர்ல யூனிகோட், அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண் குடுக்குற முறை, சரியா வேலை செய்யாது. ஒவ்வொரு ஃபாண்டும் ஒவ்வொரு கணக்கு வச்சிருந்துச்சு, ஒருத்தர் அனுப்பினதை இன்னொருத்தர் படிக்க முடியாம கிடந்தாங்க. அதை தீர்க்க பல நாட்டுத் தமிழர்கள் மெயில்லயே பேசிப் பேசி உருவாக்கினதுதான் திஸ்கி. ஒரு பைட்டுல 256 இடம், முதல் 128 ஆங்கிலத்துக்கு, அடுத்த 128-ல தமிழ். மேல் பாதி 128-ல லத்தீன்காரங்க கொம்பு வச்ச எழுத்தும் பின்னமும் வச்சிருந்தாங்க. அதனால "இது திஸ்கி"ன்னு தெரியாத கம்ப்யூட்டர் தமிழை லத்தீனா காட்டும். எந்த எழுத்து முறைன்னு சொல்ற வரி மெயிலோட மேல மறைஞ்சிருக்கும், எங்க மெயில்ல அதுலயும் லத்தீன்னுதான் எழுதியிருந்துச்சு, கம்ப்யூட்டர் அதை நம்பிடுச்சு.

ஸ்க்ரீன்ல என்ன தெரிஞ்சதுன்னா, முதல்ல முக்கால்னு ஒரு பின்னம், அதாவது மூணு மேல நாலு கீழ. அடுத்து தலையில அலை போட்ட ஆங்கில சின்ன ஓ. அடுத்து தலையில கோடு சாய்ஞ்ச ஆங்கில பெரிய ஏ. கடைசியில நம்ம சென் குறி, ஆங்கில சின்ன சி மேல கோடு போட்டது. அடுத்த மெயிலைத் திறந்தோம், அதே நாலு குறி. அதுக்கு அடுத்ததுலயும் அதே. எனக்கு ஒண்ணும் ஓடல. இவன் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கிட்டே இருந்தான், அப்புறம் மெதுவா சொன்னான், "அப்பா எப்பவும் 'தம்பி'ன்னுதான்டா ஆரம்பிப்பார்." திஸ்கி அட்டவணையை எடுத்து வச்சுப் பார்த்தோம். முக்கால் இருக்குற இடத்துல த. அலை ஓ இருக்குற இடத்துல ம், திஸ்கியில புள்ளி வச்ச ம்-முக்கு தனி இடமே உண்டு. சாய்ஞ்ச கோடு ஏ, அது ப. சென் குறி, பி-யில வர்ற இகரக் குறி. தம்பி.

அதுக்கப்புறம் வேலை சுலபம். லினக்ஸ்ல ஐகான்வ்னு ஒரு கட்டளை இருக்கு, அதுக்கு திஸ்கி தெரியும், யூனிகோடா மாத்திக் குடுத்துடும். ஒண்ணு மட்டும் கவனிக்கணும், பழைய மெயில்ல மேல் பாதி எழுத்து அப்படியே போகாது, சமக்குறி போட்டு பக்கத்துல ரெண்டு எழுத்தா உடைச்சு அனுப்பியிருப்பாங்க. முதல்ல அந்த உடைப்பைச் சேர்க்கணும், பிறகுதான் திஸ்கியில இருந்து மாத்தணும். வரிசை மாறினா கிடைக்கிறது குப்பை. 143 மெயில், 143-ம் வந்துடுச்சு.

எல்லா பழைய தமிழும் திஸ்கி கிடையாது. 1999-ல சென்னையில நடந்த மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாட்டு அரசு தாம், தாப்னு ரெண்டு முறை கொண்டு வந்தாங்க, அதுக்கு முன்னாடி மயிலை ஃபாண்டு கணக்கு, இன்னும் நிறைய. ஒரு முறையில வரலைன்னா இன்னொண்ணுல போட்டுப் பாருங்க. உங்களுக்கு கண்டிப்பா தெரிஞ்ச ஒரு சொல்லை, கூப்பிடுற பேரையோ ஊர் பேரையோ, வச்சு தேடுங்க.

கேள்வி: இப்ப யூனிகோட் இருக்கே, இனி இந்தத் தொல்லை வராதுதானே?

எழுத்துக்கு வராது. தமிழுக்குன்னு 128 இடம் தனியா ஒதுக்கியாச்சு, வேற மொழி அதுல வந்து உக்காராது. திஸ்கியில ஒரு பைட் எடுத்த த, யூனிகோடை பைட்டா எழுதுற யுடிஎஃப்-8 முறையில மூணு பைட் எடுக்கும், அது ஒரு விஷயமே இல்ல. ஆனா ஃபைலை யார் கட்டி வச்சிருக்காங்க, எந்த கம்பெனி சாவி வச்சிருக்குன்ற பிரச்சனை அப்படியே இருக்கு, அதை கீழ சொல்றேன்.

கேள்வி: பிஸ்கட் டின்ல இருக்குற ஃப்ளாப்பி?

ஒரு ஃப்ளாப்பியில 1.44 எம்பி, இன்னைக்கு போன்ல எடுக்குற ஒரு படத்துக்குக் கூட பத்தாது, ஆனா எழுத்துன்னா ஒரு தடிப் புத்தகமே போகும். யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் இன்னும் கிடைக்குது.

டிரைவ்ல போடுறதுக்கு முன்னாடி அந்த தகர மூடியை விரலால தள்ளி, வெளிச்சத்துல உள்ள பாருங்க. நம்ம ஊர் ஈரக்காத்துக்கு பூஞ்சணம் பிடிக்காம இருக்காது, பழுப்புத் தகடு மேல வெள்ளையா புள்ளி புள்ளியா, சிலந்திவலை மாதிரி தெரியும். அப்படித் தெரிஞ்சா உள்ள போடவே போடாதீங்க. அந்த ஃப்ளாப்பியும் போகும், பூஞ்சணம் டிரைவோட படிக்கிற ஹெட்ல ஒட்டி அடுத்து போடுற நல்ல ஃப்ளாப்பியையும் கீறிடும். அவன் டின்ல 31 இருந்துச்சு, 9-ல பூஞ்சணம், அதை தனியா எடுத்து வச்சுட்டேன். மிச்சத்துல பதினேழு படிச்சது. மூலையில இருக்குற சின்ன தாழ்ப்பாளைத் தள்ளி ஓட்டையைத் திறந்து வச்சுட்டு போடுங்க, அப்பதான் கம்ப்யூட்டர் அதுல எதையும் எழுதாது.

கேள்வி: சிசி, பிசிசி, எதுக்குடா ரெண்டு?

சிசின்னா கார்பன் காப்பி. அப்பா தோட்டத்து ஆபீஸ்ல டைப்ரைட்டர்ல ரெண்டு தாளுக்கு நடுவுல நீலமா ஒரு தாள் வச்சு அடிப்பாரே, அதேதான். சிசியில போட்டா யார் யாருக்கு போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், பிசிசியில போட்டா தெரியாது. இவன் கோயில் நன்கொடையாளர்கள் இருநூறு பேருக்கும் சிசியில அனுப்பிட்டான், ஒருத்தர் "நன்றி"ன்னு எல்லாருக்கும் பதில் போட, அன்னைக்கு முழுக்க இருநூறு பேர் மெயில்பாக்ஸும் நிறைஞ்சது. மத்தவங்க முகவரியை அவங்களைக் கேக்காம இருநூறு பேருக்கு காட்டுறது தப்பு, இதுல நான் கறாரா இருக்கேன். கூட்டத்துக்கு அனுப்பினா பிசிசி.

கேள்வி: 20 எம்பி ஃபைல்தான், 25 வரைக்கும் போகும்னு போட்டிருக்கு, ஏன் திரும்பி வருது?

மெயில் ஆரம்பத்துல எழுத்துக்கு மட்டும் பண்ணினது. படம், பாட்டு எல்லாம் அனுப்ப 1992-ல மைம்னு ஒரு முறை வந்தது, படத்தையே எழுத்தா மாத்தி அனுப்புறது. மூணு பைட் நாலு எழுத்தாகும், அதனால எது அனுப்பினாலும் மூணுல ஒரு பங்கு ஊதும். 20 எம்பி, 27 ஆயிடும். 25-ன்னு போட்டிருந்தா உன் ஃபைல் 18-க்குள்ள இருக்கணும்னு வச்சுக்கோ.

கேள்வி: இவ்வளவு பழசா இருக்கே, மெயில் ஏன் இன்னும் சாகல?

அதுக்கு முதலாளி இல்லடா. ரே டாம்லின்சன் 1971-ல பக்கத்து பக்கத்துல இருந்த ரெண்டு மெஷினுக்கு நடுவுல அனுப்பிப் பார்த்தார், பேருக்கும் மெஷினுக்கும் நடுவுல அந்த சுழிச்ச ஏ குறியை வச்சதும் அவர்தான். 1982-ல எஸ்எம்டிபின்னு மெயில் அனுப்புற முறையை எழுதினாங்க, இன்னைக்கும் சர்வரும் சர்வரும் பேசிக்கிறது அந்த பாஷையிலதான். யார் வேணா சர்வர் வைக்கலாம், என் கம்பெனியில இருந்து உன் கம்பெனிக்கு போகும். மெசஞ்சர்னா அப்படி இல்ல, கதவை சாத்தினா முடிஞ்சது. ஃப்ரெண்ட்ஸ்டர்னு ஃபேஸ்புக் மாதிரி ஒரு தளம், அதுல இங்க எத்தனை பேர் இருந்தாங்க, மலேசியா கம்பெனிதான் வாங்கினது, 2011-ல விளையாட்டுத் தளமா மாத்தி பழைய படம், பழைய மெசேஜ் எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. யாஹூ மெசஞ்சர் 2018-ல போச்சு, ஐசிக்யூ 2024-ல.

கேள்வி: அப்ப இன்னைக்கு இருக்குற மெயிலை எப்படி காப்பாத்துறது?

அப்பா மெயிலைக் காப்பாத்தினது எது? ஒரு ஃபைல் வீட்டுல இருந்துச்சு, அவ்வளவுதான். இவனோட இலவச கணக்குல இருந்தது போச்சு. ஜிமெயில்ல கூட 2 வருஷம் திறக்காத கணக்கை அழிக்கலாம்னு 2023-ல விதி போட்டுட்டாங்க. இறந்து போனவங்க கணக்கை யார் திறந்து பார்க்கப் போறாங்க?

கூகிள் டேக்அவுட்ல போய் மெயிலை மட்டும் டிக் பண்ணினா எம்பாக்ஸ்னு ஒரு ஃபைலா குடுக்கும். எல்லா மெயிலும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வெறும் எழுத்தா இருக்கும், தண்டர்பேர்டுன்ற இலவச மெயில் சாஃப்ட்வேரும் அதே மாதிரிதான் வைக்கும், நாளைக்கு எந்த சாஃப்ட்வேரும் இல்லைன்னாலும் கண்ணால பார்த்து பிரிச்சுடலாம். ரெண்டு இடத்துல வை, ஒண்ணு உன் வீட்டுல, ஒண்ணு அக்கா வீட்டுல. வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து பாரு. தீபாவளிக்கு வீடு துடைக்கும்போது இதையும் பண்ணிடு, மறக்காது.

கேள்வி: தைப்பூசத்தை "வருஷா வருஷம்"னு காலண்டர்ல போட்டேன், மறு வருஷம் தப்பா வந்து எல்லார்கிட்டயும் திட்டு வாங்கினேன். ஏன்?

இவங்க கோயில் கமிட்டி தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போற வழியில தண்ணீர்ப் பந்தல் போடுவாங்க, யார் எந்த நேரம்னு ஒரு பட்டியல். 2024-ல தைப்பூசம் ஜனவரி 25, இவன் அதை காலண்டர்ல போட்டு வருஷா வருஷம்னு அழுத்தி நாற்பது பேருக்கு அனுப்பிட்டான். 2025-ல உண்மையான நாள் பிப்ரவரி 11. ஜனவரி 25 காலையில நாலு பேர் லீவு எடுத்துட்டு பாத்திரத்தோட வந்து நின்னிருக்காங்க.

காலண்டர் அழைப்பா வர்ற ஐசிஎஸ் ஃபைல் 1998-ல வந்த முறை, அதுவும் வெறும் எழுத்துதான், நோட்பேட்ல திறந்தா எப்ப ஆரம்பம், எப்ப முடிவு, எப்படி திரும்ப வரணும்னு வரி வரியா இருக்கும். திரும்ப வர்ற விதி ஆங்கில மாசக் கணக்கு மட்டும்தான். தை மாசம், பூச நட்சத்திரம், பௌர்ணமின்ற கணக்கு அதுக்கு எழுதவே வராது. 2015-ல வேற நாட்காட்டிக்கும் விதி எழுத வழி பண்ணினாங்க, ஆனா நம்ம பஞ்சாங்கம் வச்சு போன்ல எதுவும் நான் பார்த்ததில்ல. அதனால பஞ்சாங்கம் பார்த்து ஒவ்வொரு வருஷமும் கையாலதான் போடணும். தீபாவளிக்கும் அதே.

கேள்வி: சுங்கைப்பட்டாணி ஆளுங்களுக்கு மட்டும் கூட்டம் எப்பவும் ஒத்து வர்றதில்ல?

கெடாவுல வெள்ளி, சனிதான் லீவு. ஞாயித்துக்கிழமை காலையில நீ கூட்டம் வச்சா அவங்க வேலையில இருப்பாங்க. காலண்டர் செட்டிங்ல மாத்தி ஒண்ணும் ஆகாது, சனிக்கிழமை வை.

கேள்வி: என் ஜாதகத்துல விருச்சிக லக்னம்னு இருக்கு, போன்ல ஆப் துலாம்னு சொல்லுது. எதுடா சரி?

பொண்ணு கல்யாணப் பேச்சு வந்தப்ப எல்லா ஜாதகத்தையும் ஆப்ல போட்டுப் பார்த்திருக்கான், அதுல கிளம்பின கேள்வி. நான் ஜோசியம் பார்க்கிறவன் இல்ல, ஆனா கடிகாரக் கணக்கு எனக்குத் தெரியும். இவன் பொறந்தது 1974, ஐப்பசி கடைசி. நாம இன்னைக்கு உலக நேரத்தை விட 8 மணி நேரம் முன்னாடி இருக்கோம். 1982 ஜனவரி 1-க்கு முன்னாடி அப்படி இல்ல, ஏழரைதான். அதுக்கு முந்தின ராத்திரி, 1981 டிசம்பர் 31, பதினொன்றரைக்கே பன்னெண்டுன்னு கடிகாரத்தை அரை மணி தள்ளி வச்சாங்க, நாங்க ரெண்டு பேரும் அப்ப சின்னப் பசங்க. லக்னம் ஏறக்குறைய ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாறும், அரை மணி தப்பினா எல்லையில இருக்குறவங்களுக்கு லக்னமே மாறிடும். அந்த ஆப் கோலாலம்பூர்னு போட்டதும் கண்ணை மூடிக்கிட்டு 8 எடுத்திருக்கு.

ஆனா இவனுக்கு சந்தேகம் தீரல, பொறந்த நேரமே ஜாதகத்துல சரியா எழுதினாங்களான்னு கேட்டான். 143 மெயில்லயும் "நேரம்"னு தேடினோம். 2002-ல இவனுக்கு பொண்ணு பார்த்துக்கிட்டு இருந்தப்ப அப்பா எழுதினது வந்துச்சு: "தம்பி, ஜோசியர் கேட்டால் காலை 6.55 என்று சொல். அது பழைய நேரம், அரை மணி கூட்டிவிடாதே." ஏழரையைக் கையால போட்டோம், விருச்சிகம் வந்தது.

ஜப்பான்காரன் போன பிறகு 1981 வரைக்கும் இங்க பொறந்தவங்க ஆப்ல நேர மண்டலத்தை கையால 7:30-ன்னு மாத்திப் போடுங்க. தாத்தா பாட்டி ஜாதகம்னா இன்னும் கவனம், ஜப்பான்காரன் இருந்த 1942-ல இருந்து 1945 வரைக்கும் இங்க தோக்கியோ நேரம் ஓடுச்சு, அதுக்கு 9 போடணும்.